நவ்ரூஸுக்குத் திறந்த கொடிகள்

தோக்சாய் கிராமத்தின் ஈராயிரம் ஆண்டுத் திராட்சை வரலாறு வருகிற மார்ச் இருபத்தோராம் தேதி, நவ்ரூஸ் என்கிற வசந்தப் புத்தாண்டன்று, காலை பத்து மணிக்குத் தொடங்கும் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த வண்ணத் தாளில் உஸ்பெக், ருஷ்யன், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் இந்தச் செய்தி இருந்தது. கீழே ஒரு படம். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கோப்பைக்குள் மூக்கை விட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று கொடிப்பந்தல். அந்தப் பந்தல் எங்கள் ஊருடையது இல்லை என்பதை எல்லோரும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எவனும் அவ்வளவு நெருக்கமாகக் கொடி நட மாட்டான்.

வரலாறு தொடங்குவதில் ஒரே ஒரு சிக்கல்தான். வரலாற்றின் கதாநாயகி மண்ணுக்குள் இருந்தாள்.

மலையடிவாரத்துக் குளிர் திராட்சைக்கு ஆகாது. நவம்பரில் கொடிகளைப் பந்தலிலிருந்து அவிழ்த்து, கவாத்து செய்து, கற்றை கற்றையாகத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடுவோம். அப்படியே விட்டால் ஜனவரி அதை விறகாக்கிவிடும். வசந்தம் ஏமாற்றாமல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தோண்டியெடுத்துப் பந்தலேற்றுவது. ஆகவே மார்ச் மாதத்தில் தோக்சாய்க்கு வருகிறவன் பார்ப்பது வெறும் இரும்பு வளைவுகளையும் அவற்றின் காலடியில் வரிசை வரிசையாய்க் கிடக்கும் மண்மேடுகளையும்தான்.

ஒயின் ஆலையின் புது டைரக்டர் ஷெர்ஸாத், தாஷ்கண்டிலிருந்து காரில் வந்து இறங்கி, சாலையோரத்தில் நின்று அந்த மண்மேடுகளைப் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இத்தாலியில் இரண்டு வாரம் பயிற்சி எடுத்தவர். அந்த இரண்டு வாரத்தை அவர் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

"இது என்ன நார்மத் அண்ணே, இடுகாடு மாதிரி இருக்கு?"

"கொடி தூங்குது சார்."

"எப்ப எந்திரிக்கும்?"

"ஏப்ரல் பொறந்து கொஞ்சம் போகணும். ஆப்ரிகாட் பூ உதிர்ந்துட்டா தைரியமா எடுக்கலாம்."

"கொஞ்சம் முன்னாடி எழுப்பிவிடுங்க. நவ்ரூஸுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. ஜெர்மன்காரங்க, கொரியாக்காரங்க, பத்திரிகைக்காரங்க. சுத்திக் காட்ட ஒண்ணுமே இல்லாம நான் மண்ணையா காட்டுறது?"

நார்மத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருபது வருடமாக ஆலையின் தோட்ட மேஸ்திரி. போன மாதம்தான் டைரக்டர் அவனுடைய பதவியின் பெயரைத் 'திராட்சைப் பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்' என்று மாற்றி, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் கொடுத்திருந்தார். சம்பளம் பழைய சம்பளமே. ஆனால் வில்லையைக் குத்திக்கொண்டு ஊருக்குள் போனபோது பேக்கரிக்காரன் எழுந்து நின்றான். எழுந்து நின்றவன் சிரித்துக்கொண்டேதான் நின்றான் என்பதை நார்மத் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

"சரி சார். எழுப்பிடலாம்" என்றது அந்த வில்லை.

ஆலைக்குச் சொந்தமான தோட்டம் சாலையில் ஒரு துண்டுதான். மிச்சமெல்லாம் ஊர்க்காரர்களுடையது. நார்மத் வீடு வீடாகப் போனான். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள், ரொட்டியைப் பிட்டு வைத்தார்கள், யோசனை அருமை என்றார்கள். ஒருவனுக்கு முதுகுவலி. ஒருவனுடைய மண்வெட்டிக்குப் பிடி உடைந்திருந்தது. இன்னொருவன், "நீ ஆரம்பி நார்மத், உன் பின்னாடியே வந்துர்றேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். யாரும் முட்டாள் இல்லை. மார்ச் வெயிலை நம்பிக் கொடியைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நார்மத்துக்கும் தெரியும். அதுதான் இந்தக் கதையே.

சாலையை ஒட்டி நீளமாகக் கிடந்தது அவனுடைய அக்கா ஓய்னிசாவின் தோட்டம். கணவன் போய் ஆறு வருடம். மகள் நாதிராவுக்கு அடுத்த ஊரில் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. கல்யாணம் அக்டோபரில். எங்கள் பக்கத்தில் கல்யாணம், கூரை மாற்றுவது, பல் கட்டுவது எல்லாமே அறுவடைக்குப் பிறகுதான். அக்காவின் சாப்பெராவி என்கிற கறுப்பு ஒயின் திராட்சையை இந்த வருடம் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஆலை சொல்லியிருந்தது. அந்த ஒரு அறுவடையில்தான் மாப்பிள்ளை வீட்டு விருந்தும், பெண்ணின் அறைக்கு வேண்டிய சாமான்களும், பிச்சுப்பிடுங்கப் போகும் உறவுக்காரர்களும் அடங்கியாக வேண்டும்.

நார்மத் போனபோது அவள் தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டி அறைந்துகொண்டிருந்தாள். முகம் தணலாய்ச் சிவந்திருந்தது.

"யாரு, பித்தளையா? வா, உக்காரு. கீரை சமோசா இருக்கு, தின்னு. இந்த வருசத்து முதல் கீரை."

"அக்கா, கொடியத் திறக்கணும்."

"ஆளு வச்சுத் திறக்கலாம், ஏப்ரல் வரட்டும்."

"இல்ல, இந்த வாரமே. விருந்தாளிங்க வர்றாங்க. உன் தோட்டந்தான் ரோட்டுல முதல்ல கண்ணுல படும்."

ஓய்னிசா கையிலிருந்த மாவைத் துடைத்தபடி தம்பியைப் பார்த்தாள். "உன் மச்சான் இருந்தவரைக்கும் நவ்ரூஸுக்கு முன்னாடி ஒரு கொடி தொட்டதில்ல."

"இப்ப எல்லாம் மாறிப்போச்சுக்கா. குளிரே இல்ல பாரு. பிப்ரவரியிலயே ஈ பறக்குது."

"ஈய நம்பியா திறக்கச் சொல்றே?"

"ஆலைக்காரங்க வானிலை எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்க. அவங்க திராட்சைய எடுக்கப் போறவங்க, அவங்களுக்குத் தெரியாதா?"

அவள் அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியை உருவி அவன் முன்னால் போட்டாள். ஆவி பறந்தது.

"நீ உன்னோடதத் திறந்துட்டியா?"

நார்மத்தின் தோட்டம் ஓடைக்கு அந்தப்புறம், மலைச்சரிவின் வளைவுக்குப் பின்னால் இருந்தது. சாலையிலிருந்து தெரியாது. வேறு யாருக்கும் அந்தப் பக்கம் நிலமில்லை, ஆகவே யாரும் போவதுமில்லை. அங்கே கொடிகள் போர்த்திப் படுத்திருந்தன. விருந்தாளி கண்ணில் படாத கொடியை எதற்கு எழுப்புவது என்று அவன் முன்பே முடிவு செய்திருந்தான். சமோசா வாயில் இருந்தது.

"ம்" என்றான்.

சமோசாவைத் தின்றுகொண்டிருந்த வாய், அதனால் அது பதிலே இல்லை என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே வாதாடிப் பார்த்தான். வழக்கு நிற்கவில்லை.

"நீயே திறந்துட்டேன்னா சரி" என்றாள் ஓய்னிசா. "நாதிரா! மண்வெட்டிங்கள எடுத்து வை."

இரண்டு நாள் வேலை. மண்வெட்டியால் மேல்மண்ணை ஒதுக்கலாம். கொடியை நெருங்கிவிட்டால் கைதான். இல்லையென்றால் மொட்டு முறியும். அக்காவும் நாதிராவும் நார்மத்தும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் வரிசையாக மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஈரமண் வாசனையோடு கொடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, தூக்கத்தில் எழுப்பிய மலைப்பாம்பு மாதிரி கனத்துத் துவண்டு. உதறி, தோளில் தாங்கி, இரும்பு வளைவில் ஏற்றி, கிழிந்த துணியால் கட்டினார்கள். முடிந்தபோது சாலையோரம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சுள்ளிக் கூட்டம் நின்றது.

டைரக்டர் வந்து பார்த்தார். "இலை எங்கண்ணே?"

"இலை மே மாசம் சார்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். மறுநாள் தாஷ்கண்ட் சந்தையிலிருந்து ஒரு வேன் வந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் இலை, பிளாஸ்டிக் திராட்சை. திராட்சைப் பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர் ஏணியில் ஏறி அவற்றைக் கட்டினார்.

இருபத்தோராம் தேதி வரலாறு பதினோரு மணி இருபது நிமிடத்துக்குத் தொடங்கியது, ஏனென்றால் மாவட்டத்திலிருந்து வரவேண்டிய துணைத் தலைவர் வழியில் வேறொரு வரலாற்றைத் தொடங்கிவைத்துவிட்டு வந்தார். மேளம் அடித்தார்கள். நீளக் குழலை ஊதினார்கள். பட்டுடை உடுத்திய ஓய்னிசாவைப் பிளாஸ்டிக் குலைகளுக்குக் கீழே நிறுத்திப் படமெடுத்தார்கள். படத்துக்கு 'தொன்மையின் முகம்' என்று பெயர் வைக்கப்போவதாக ஒரு பத்திரிகைக்காரர் சொன்னார்.

"அம்பத்தெட்டுதான் ஆகுதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றாள் ஓய்னிசா. அப்புறம் தாழ்ந்த குரலில், "ஏன்டா, இந்தப் பழத்த எவனாவது கடிச்சுத் தொலைச்சா?"

"கடிக்க மாட்டாங்கக்கா. எல்லாம் படிச்சவங்க."

அந்தப் பத்திரிகைக்காரர் கடித்தார்.

அப்புறம் ஆலைக்குள் அழைத்துப் போனார்கள். குளிர்ந்த நிலவறையில் ஓக் பீப்பாய்கள். சுவரில் தொங்கிய மண்வெட்டிக்குப் பக்கத்தில் 'பண்டைய கருவி' என்று எழுதியிருந்தது. போன வாரம்வரை அதை வைத்துத்தான் சாக்கடை வெட்டினார்கள். வழிகாட்டிப் பெண் கோப்பையைச் சுழற்றி, இதில் காட்டு ரோஜாவும், மழைக்கு முந்திய மண்ணும், பழைய நூலகமும் தெரிகிறதா என்று கேட்டாள். ஜெர்மன்காரர்கள் நூலகம் தெரிகிறது என்றார்கள். ஒரு கொரியப் பெரியவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக நார்மத்திடம், உங்களுக்குப் பிடித்த ஒயின் எது என்று கேட்டார். நார்மத் இருபது வருடமாகத் திராட்சையைப் பார்த்திருக்கிறானே தவிர, ஊருக்கு முன்னால் ஒரு சொட்டும் நாவில் வைத்ததில்லை. ஊரில் யாருமே ஒயின் என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். 'தொழிற்சாலைக்குப் போகுது' என்பார்கள், தொழிற்சாலையில் செருப்புத் தைக்கிற மாதிரி.

"எனக்கு எல்லாம் பிள்ளைங்க மாதிரி" என்றான்.

கைதட்டினார்கள். துணைத் தலைவர் அவன் தோளில் தட்டினார். நார்மத்துக்கு அன்றைக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்ததாக எந்த அறிகுறியும் இல்லை.

அடுத்த வாரம் முழுக்க நல்ல வெயில். மண்ணுக்கு வெளியே வந்துவிட்ட கொடி வேறென்ன செய்யும்? அக்காவின் தோட்டத்தில் மொட்டுகள் வீங்கி, பருத்திக்கொட்டை மாதிரி வெண்பஞ்சு காட்டின. "பாத்தியா, இளம்பிள்ளை பல்லு முளைக்கிற மாதிரி இருக்கு" என்று ஓய்னிசா சாலையில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மூன்று மணிக்கு மழை பனியாகிக் கொட்டியது. அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் பனி நின்று, மேகம் கலைந்து, வானம் துடைத்துவைத்த மாதிரி ஆனபோதுதான் ஊரே வீட்டு வாசல்களில் வந்து நின்றது. தெளிந்த வானம்தான் கொல்லும். மேகப் போர்வை போய்விட்டதால் சூடெல்லாம் மேலே ஏறிவிடும்.

நார்மத் அக்காவின் தோட்டத்துக்கு ஓடினான். அங்கே அம்மாவும் மகளும் கட்டுகளை அறுத்துக் கொடிகளைத் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். மண் நனைந்து களியாகிவிட்டது, அள்ளிப் போட முடியாது. வீட்டுக்குள்ளிருந்து நாதிரா கைகொள்ளாமல் மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்தாள். அவளுடைய கல்யாணத்துக்குத் தைத்த பஞ்சு மெத்தைகள். சிவப்புப் பட்டும் பச்சை வெல்வெட்டும் வைத்து, அம்மாவும் மகளும் இரண்டு குளிர்காலமாக உட்கார்ந்து தைத்தவை. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேற்றில் கிடந்த கொடிகள்மேல் விரித்தார்கள்.

"அந்தப் பக்கம் இழு, மொட்டு நசுங்குது!" என்று ஓய்னிசா கத்தினாள். நிமிர்ந்தபோது தம்பியைப் பார்த்தாள். "நீ ஏன்டா இங்க நிக்கிறே?"

"உதவிக்கு வந்தேன்கா."

"உன் கொடி?"

"அது... இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? பைத்தியமா உனக்கு? சரிவுல இன்னும் குளிரு ஜாஸ்தி. உன் பொண்டாட்டி மஸ்தூரா ஒருத்தி என்ன பண்ணுவா அங்க? ஓடுறா!"

"அக்கா, நான் இங்கயே..."

"நாதிரா, மாமாவுக்கு ரெண்டு மெத்தை குடு."

"ஐயோ வேண்டாம்கா!"

"பிடிடா. எனக்கு மட்டும் காப்பாத்திக்கிட்டு உன்ன அம்போன்னு விடவா? அந்த வெல்வெட்டு ரெண்டும் குடும்மா, அதுல பஞ்சு அதிகம்."

இப்படியாக நார்மத், மருமகளுடைய சீர் மெத்தைகள் இரண்டைத் தோளில் சுமந்துகொண்டு, ஓடையைத் தாண்டி, ஒரு முழம் மண்ணுக்கடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த கொடிகளைப் பனியிலிருந்து காப்பாற்றப் போனான்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. பனிக்கு அடியில் மண்மேடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்தான். மெத்தைகளை மடியில் வைத்துக்கொண்டான். கீழே சாலையோரத்தில் வைக்கோல் புகை எழும்பியது, யாரோ அக்காவுக்காகத் தீ மூட்டியிருந்தார்கள். உடனே இறங்கிப் போனால், கொடியை மூடாமல் ஏன் வந்தாய் என்று கேட்பாள். ஆகவே உட்கார்ந்திருந்தான். தன் கொடிகளுக்கு இத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அந்தக் கணக்குத் தீரும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறங்கப் போகும்போதுதான் அது தோன்றியது. மெத்தைகள் சுத்தமாக இருந்தன. சேற்றில் விரித்த மெத்தை இப்படி இருக்காது.

பச்சை வெல்வெட்டை மண்ணில் விரித்தான். சப்பாத்துக் காலால் மிதித்தான். குனிந்து, பனியையும் சேற்றையும் கையால் அள்ளி, நாதிரா பூத்தையல் போட்டிருந்த ஓரங்களில் தேய்த்தான். இரண்டாவதையும் அப்படியே. வேலையில் அவன் எப்போதுமே சுத்தம். ஒரு மூலை விடவில்லை.

விடிந்தபோது மொட்டுகள் கறுத்திருந்தன. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தன. மெத்தைக்கு அடியில் இருந்தவையும் அப்படித்தான். இனி இரண்டாம் மொட்டு வரும், இலை வரும், கொடி சாகாது. ஆனால் இந்த வருடத்துப் பழம் போயிற்று. விருந்துக்காகத் திறந்திருந்த ஆலையின் துண்டும் கருகியது. டைரக்டர் தாஷ்கண்டிலிருந்து போனில் கூப்பிட்டு, பனிக்குள் பிளாஸ்டிக் திராட்சை சிவப்பாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

ஓய்னிசா முற்றத்தில் மெத்தைகளைத் துணிக்கொடியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். நார்மத் தன் இரண்டையும் கொண்டுபோய் வைத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, என்ன பாடு பட்டிருக்கே! எங்களுதுகூட இவ்வளவு சேறாகல."

நார்மத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஏதாச்சும் தேறுச்சா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாமா இல்லையா என்று தெரியாதபடி ஆட்டினான்.

"ரெண்டு மெத்தைய வச்சுக்கிட்டு நீ என்னத்தக் காப்பாத்தியிருப்பே, பாவம்" என்றாள். "நான் உன்னத் திட்டணும்னுதான் நெனச்சேன். திறக்கச் சொன்னது நீதானே? அப்புறம் தோணுச்சு, இவனுதும்தானே போச்சு. என் தம்பி என்னக் குழியில தள்ளிட்டு மேல நிக்கல, கூடவே குதிச்சிருக்கான். அது போதும்டா எனக்கு."

அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். மஸ்தூரா தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். முப்பது வருடம் குடித்தனம் செய்தவள். அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் முடியாது.

"என்ன சொன்னா உன் அக்கா?"

"கூடவே குதிச்சிருக்கேனாம்."

"நீ எங்க குதிச்சே? மேல மெத்தை போட்டுல்ல உக்காந்திருந்தே."

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். ஊரு மூடுமா? ஏப்ரல்ல உன் கொடி பந்தல்ல ஏறி மொட்டு விடும்ல? அப்ப என்ன சொல்லுவே, செத்தது எந்திரிச்சு வந்துச்சுன்னா?"

"அதுக்குள்ள சொல்லிடுவேன்."

"இப்பவே போய்ச் சொல்லு. கல்யாணம் நிக்கப்போகுது. நம்ம விளைச்சல்ல பாதியக் குடுத்தாக்கூட அந்தப் பொண்ணு கரையேறிடும்."

"குடுக்கணும்னா எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணுமே!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஏப்ரல் வந்தது. ஆப்ரிகாட் பூத்து உதிர்ந்தது. ஊரே மண்வெட்டியோடு இறங்கிக் கொடிகளைத் திறந்தது. முதுகுவலிக்காரனுக்கு முதுகு சரியாகிவிட்டது. நார்மத் நாளைக்குத் திறக்கலாம் என்றான். நாளைக்கு ஆலையில் வேலை வந்தது. அதற்கடுத்த நாள் மழை வரும்போல இருந்தது, வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அக்காவிடம் சொல்லிவிடுவது என்று கிளம்புவான். அவள் வீட்டு வாசலில், "வா தம்பி, தின்னியா? முகமே இல்ல உனக்கு" என்று கேட்பாள். தட்டு நிறைய நூடுல் சூப் வைப்பாள், தன் பங்கு இறைச்சியையும் எடுத்து அதில் போடுவாள். அவன் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான்.

ஊரில் அவனுக்கு நல்ல பெயர் வேறு பரவியது. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"நார்மத் தோட்டத்துப் பக்கமே போறதில்லையாமே?"

"எப்படிய்யா போவான்? கருகுனதப் பாக்க மனசு வருமா? நல்ல ஆளுய்யா. ஊரத் திறக்கச் சொல்லிட்டுத் தானும் திறந்தான் பாரு. வேற எவனா இருந்தா தன்னோடத மட்டும் மூடி வச்சிருப்பான்."

"அந்த வில்லையக்கூடக் கழட்டிட்டான் கவனிச்சியா?"

நார்மத் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தான்.

வெயில் ஏறியது. மஸ்தூரா ஒரு நாள் மண்வெட்டியை அவன் காலடியில் கொண்டுவந்து போட்டாள். "மண்ணு சுடுதுய்யா. இன்னும் எத்தன நாளு உள்ள கிடக்கும்?"

"நீ ஆளு வச்சுத் திறந்துடேன்."

"நான் மாட்டேன். நீ புதைச்சத நீயே தோண்டு."

மே மாதம் பிறந்ததும், மாப்பிள்ளையின் தாய் ரிஸாலத் இரண்டு பெண்களோடு ஓய்னிசா வீட்டுக்கு வந்தாள். விஷயம் எல்லோருக்கும் தெரியும். நார்மத்தையும் மஸ்தூராவையும் கூப்பிட்டிருந்தார்கள், பெண்ணுக்கு ஆண்துணை மாமா ஒருவன்தானே. முற்றத்து மரக்கட்டிலில் விரிப்பு விரித்து, ரொட்டி, உலர்திராட்சை, வாதுமை எல்லாம் வைத்திருந்தது. நாதிரா தலை குனிந்து தேநீர் ஊற்றினாள்.

ரிஸாலத் நல்லவிதமாகத்தான் பேசினாள். "தப்பா நெனக்காதீங்க சம்பந்தி. பனி யாரு கையில இருக்கு? ஆனா எங்க வீட்டுலயும் பையனுக்குக் கீழ ஒரு பொண்ணு இருக்கா. இவன் கல்யாணம் முடியாம அவளத் தள்ள முடியாது. அக்டோபர்ல முடியாதுன்னா... நாங்க வேற யோசிக்கணும்னு அவங்கப்பா சொல்றாரு."

வேற யோசிக்கணும் என்றால் என்னவென்று குழந்தைக்கும் புரியும். நாதிரா தேநீர்க் கெண்டியோடு அடுத்த கோப்பைக்கு நகர்ந்தாள்.

ஓய்னிசா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க நெலம தெரியுமில்ல. எனக்குப் போச்சு, என் தம்பிக்கும் போச்சு. அவன்கிட்ட இருந்தா எனக்குக் குடுக்காம இருப்பானா?"

நார்மத் எழுந்து நின்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவன் உண்மையிலேயே உடைந்து போயிருந்தான். ஆனால் இருபது வருடம் கூட்டங்களில் நின்று பழகிய மனிதன், உடைந்துபோனாலும் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் உடைவான்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஒரு பாவி. என் தோட்டம் கருகல. ஒரு மொட்டுகூடக் கருகல. ஏன்னா நான் திறக்கவே இல்ல. அக்காவத் திறக்கச் சொல்லிட்டு நான் மூடியே வச்சிருந்தேன்."

முற்றத்தில் ஒரு கோழி மட்டும் நடந்தது.

"அன்னிக்குக் கேட்டேனே?" என்றாள் ஓய்னிசா மெதுவாக. "திறந்துட்டியான்னு கேட்டேனே. 'ம்'னியே?"

"ம்" என்றான் நார்மத்.

"அந்த மெத்தை? அவ்வளவு சேறு?"

"நான்தான் தேய்ச்சேன்."

நாதிரா கெண்டியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஓய்னிசா தம்பியைப் பார்க்கவில்லை. அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள்.

நார்மத் அழுதான். "அக்கா, அந்தத் தோட்டம் இந்த வருசம் உன்னோடது. ஒரு குலைகூட எனக்கு வேண்டாம். அத்தனையும் நாதிராவுக்கு. சம்பந்தியம்மா, கல்யாணம் அக்டோபர்லதான். நீங்க தேதி குறிங்க. என் உயிரிருக்கிறவரைக்கும் இது நடக்கும்!"

கூட வந்த பெண்களில் ஒருத்திக்குக் கண் கலங்கியது. ரிஸாலத் "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். மஸ்தூரா மட்டும் புருஷனையே வெறித்துப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி நெஞ்சு லேசாகியிருந்தது. இவ்வளவு சுலபமா, இதற்காகவா இத்தனை நாள் வெந்தோம் என்றுகூட நினைத்தான்.

"அழுதது போதும்" என்றாள் ஓய்னிசா. எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "மண்வெட்டிய எடு. வெயில் சாயறதுக்குள்ள திறந்துடலாம்."

எல்லோரும் போனார்கள். ரிஸாலத்கூட நல்ல உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். தன் மகனுடைய கல்யாணம் எப்படியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. சரிவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மண்மேடுகள் வெயிலில் வெடித்திருந்தன. சில வெடிப்புகளில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

நார்மத் முதல் மேட்டில் மண்டியிட்டான். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டான். மண் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் வாசனை வந்தது, ஊறப்போட்டு மறந்துபோன துணி மாதிரி. பிறகு விரலில் ஏதோ வழுவழுவென்று சிக்கியது. வெளியே இழுத்தான்.

வெள்ளையாக, நீளமாக, ஒரு சொட்டுப் பச்சைகூட இல்லாத தளிர். இருட்டுக்குள்ளேயே முளைத்து, வெளிச்சத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, நூடுல் மாதிரி சுருண்டிருந்தது. காற்றுப் பட்டதும் தொங்கிவிட்டது. அவன் கொடியைத் தூக்க முயன்றான். தளிர்களெல்லாம் பொலபொலவென்று முறிந்து மடியில் விழுந்தன. பட்டை உரிந்து வந்தது.

"அடுத்ததப் பாரு" என்றாள் ஓய்னிசா.

அடுத்ததும் அதுதான். மஸ்தூரா ஒரு வரிசை தோண்டினாள். ஓய்னிசா ஒரு வரிசை. அவர்கள் தோண்டத் தோண்ட வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. ரிஸாலத் சற்றுத் தள்ளி நின்று, செருகியிருந்த உடையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

ஓய்னிசா ஒரு தளிரைக் கையில் எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மறுபக்கம் தெரிந்தது.

"குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ தோண்டிப் பாத்திருக்கக் கூடாதாடா?" என்றாள்.

நார்மத் மண்டியிட்டபடியே இருந்தான்.

அக்டோபரில் ரிஸாலத்தின் மகனுக்கு வேறு ஊரில் கல்யாணம் நடந்தது. அந்த வருடம் அக்கா வீட்டிலும் தம்பி வீட்டிலும் தின்பதற்குத் திராட்சையைச் சந்தையில் வாங்கினார்கள். புளித்தது.